தந்த மாதாவின் காலி இடம்

பிரான்சு தேசத்து மார்வால் கன்னியர் மடத்தில் மாதாவைத் திறந்து மூடுகிற வேலை அமெலினுக்குக் கிடைத்ததற்குக் காரணம் பக்தியும் அல்ல, படிப்பும் அல்ல. அவள் கை வியர்க்காது, அவ்வளவுதான். வியர்வை பட்டால் தந்தம் பழுப்பேறிவிடும் என்று மடத்துத் தலைவி பியாத்ரிசுக்குப் பயம். கன்னியரில் பாதிப் பேருக்கு மாதா முன்னால் போய் நின்றாலே உள்ளங்கை ஈரமாகிவிடும். சலவைத் துறையில் சாம்பல் தண்ணீரில் வருஷக்கணக்காக ஊறிய அமெலினின் கையோ மரப்பட்டை மாதிரி காய்ந்து கிடக்கும். ஒரு நாள் தலைவி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே மாதாவை நீ மட்டும் தொடு" என்று பேழைச் சாவியை அதில் வைத்துவிட்டார்.

அமெலின் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கன்னி அல்ல. துவைக்க, பெருக்க, ஆப்பிள் பொறுக்க என்று மடத்தில் அண்டியிருந்த வேலைக்காரச் சகோதரிகளில் ஒருத்தி. அவள் புருஷன் சேன் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவன். ஒரு மாரிக்காலத்து வெள்ளம் படகோடு சேர்த்து அவனையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோதே அதற்கு மூச்சில்லை. மூச்சில்லாததற்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, ஞானஸ்நானம் இல்லாததற்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. தோட்டத்துச் சுவருக்கு வெளியே, பள்ளத்தை ஒட்டி, முட்புதர் ஓரத்தில் அதைப் புதைத்தார்கள். பெயர் வைக்கவில்லை. புருஷனும் போனபிறகு அவளுக்கு ஊரில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. மடத்துக் கதவைத் தட்டினாள்.

மாதா முழங்கை நீளம்தான் இருப்பாள். சிம்மாசனத்தில் உட்கார்ந்து, இடது கையில் குழந்தையை ஏந்திப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். யானைக் கொம்பு எப்படி வளைந்திருந்ததோ அப்படியே அவளும் ஒரு பக்கம் வளைந்திருந்தாள். செதுக்கியவன் கொம்போடு மல்லுக்கு நிற்காமல் அது போன போக்கிலேயே விட்டிருந்தான். "பாவம், பிள்ளை கனக்குது, இடுப்பு விட்டுப் போச்சு" என்று கும்பிட வருகிற பெண்கள் சொல்வார்கள். கையில் எடுத்தால் முதலில் சில்லென்று இருப்பாள். கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூடு ஏறிவிடும். அது தந்தத்தின் குணம் என்று அமெலினுக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் அந்தச் சூடு ஏறும்போது அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் அடங்கி அடிக்கும்.

தொண்டையிலிருந்து பாதம் வரைக்கும் மயிர்க்கோடு மாதிரி ஒரு பிளவு ஓடியது. மாதா திருநாள்களில் அமெலின் அதில் நகத்தைக் கொடுத்து நெம்புவாள். மாதா இரண்டு கதவாகத் திறந்துகொள்வாள். உள்ளே பிதா உட்கார்ந்திருப்பார், முழங்கால்களுக்கு நடுவில் சிலுவையைப் பிடித்துக்கொண்டு. சிலுவையில் அவர் மகனாகிய சுதன். பிதாவின் தாடிக்குக் கீழே சின்னப் புறாவாகப் பரிசுத்த ஆவி. கதவுகளின் உட்பக்கத்தில் தேவதூதன் சேதி சொன்னது, தொழுவத்தில் பிள்ளை பெற்றது என்று விரல் அகலத்துக்குச் சிற்பங்கள்.

"இம்புட்டுப் பேரும் ஒரே வயித்துலயா?" என்று ஒரு தரம் மருத்துவச்சி மாபில் கேட்டாள். "நல்லவேளை, பேறு பாக்க என்னையக் கூப்புடல. தாடியோட ஒண்ணு வந்திருந்தா நான் ஓடியே போயிருப்பேன்."

"வாயைக் கழுவுடி" என்றாள் அமெலின். ஆனால் அவளும் சிரித்தாள்.

இதெல்லாம் என்ன என்று மடத்துப் பூசைச் சாமியார் ஒரே ஒரு தரம் சொல்லியிருந்தார். "கடவுள் இவ வயித்துல தங்கினார், அவ்வளவுதான், பேசாம கும்பிடு." அமெலின் பேசாமல்தான் கும்பிட்டாள். ஆனால் பன்றி மயிர்த் தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் தூசி தட்டுகிறவளுக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? வெளியே மாதாவின் மேலங்கி அவள் முழங்காலில் எப்படி மடிந்து விழுந்ததோ, அதே மடிப்புதான் உள்ளே பிதாவின் மடியிலும் விழுந்திருந்தது. அவருக்கும் பெண்பிள்ளைக்கு இருக்கிற மாதிரி அகன்ற மடி. அந்த மடிப்புகளெல்லாம் சரிந்து அவர் பாதத்துக்குக் கீழே ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே எதுவும் செதுக்கியிருக்கவில்லை. விரல் நுனி போகிற அளவுக்கு ஒரு குழி. உள்ளே இருட்டு.

அந்தக் குழியைப் பற்றி அமெலின் முதலில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு மெழுகுவர்த்தித் திருநாளன்று, பிப்ரவரிக் குளிரில், பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பால் கட்டின மாரைத் துணியால் இறுக்கியிருந்தாள். மற்றவர்கள் போனபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "மாதா புள்ளய வச்சிருக்கா. எம்புள்ள எங்க அக்கா? சாமியாரக் கேட்டா, நோவும் இல்லாத, கடவுள் முகமும் தெரியாத இருட்டு ஓரத்துல இருக்குங்கிறாரு. அது எங்க அக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

அமெலின் யோசித்துச் சொல்லவில்லை. அவள் விரல் தானாகப் போய் அந்தக் குழியைத் தொட்டது. "இங்க இருக்கு."

"இதுலயா?"

"பேர் வைக்காத புள்ளைங்களுக்கு விட்ட இடம் இது. பாரு, எதுவும் செதுக்காம விட்டிருக்கு. இருட்டுதான். ஆனா யாரு வயித்து இருட்டு? யாரு காலடி?"

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். யாரைக் கேட்டு இதைச் சொன்னோம் என்று அமெலினுக்குப் பயம். ஆனாலும் அன்று சாயங்காலம் அவள் கல்லறைச் சுவருக்கு வெளியே பள்ளத்தோரம் போய் நின்றபோது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வரவில்லை.

பெண்கள் வாயில் விழுந்தது பரவாமல் இருக்குமா? ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். ஆண்கள் காதுக்குப் போகவில்லை, சாமியார் காதுக்கும் போகவில்லை. திருநாளுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருத்தி கடைசியாக நின்று, "அக்கா, அந்த இடத்தக் காட்டுங்க" என்பாள். ஒருத்தி குழந்தைக்கென்று தைத்து வைத்த துணியிலிருந்து நூல் ஒன்றை உருவி, சுருட்டிக் குழிக்குள் வைத்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். தூசி தட்டும்போது அமெலின் அந்த நூல்களை எடுக்காமல் விட்டாள்.

அவள் அதை நம்பினாளா என்றால், சில நாள் நம்பினாள். சில நாள், தூரிகை அந்தக் குழியின் சொரசொரப்பான விளிம்பில் சிக்கும்போது, உளி ஓடாத, யானைப் பல்லில் இயல்பாகவே இருக்கிற வெறும் ஓட்டை இது என்று தோன்றும். அன்றைக்குப் பேழையைச் சீக்கிரம் மூடிவிடுவாள்.

இப்படியிருக்கும்போதுதான் பெரின் வந்தாள். நார்த்துணி நெய்கிற ராவுலின் பெண்டாட்டி. சின்ன வயசு, வாயாடி, தறி ஓசைக்கு மேலே கத்திப் பேசிப் பழகினவள். அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாசத்தில் வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. அமெலின் அவளுக்கும் இடத்தைக் காட்டினாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பெரின் போகவில்லை.

"அங்க என்ன பண்ணும் அக்கா?"

"என்னத்தப் பண்ணும், தூங்கும்."

"குளிராதா?"

"தந்தத்தத் தொட்டுப் பாரு. குளிருதா?"

பெரின் தொட்டாள். அமெலின் அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததால் மாதா இளஞ்சூடாக இருந்தாள். பெரினின் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தபோது அமெலினுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பின்னாளில் அவளைக் குத்திக் குத்திக் கொன்றது அந்தப் பெருமைதான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் பெரினுக்கு மறுபடி வலி கண்டது. ஊரெல்லாம் ஆப்பிள் பிழிகிற நாள், தெருவெல்லாம் புளித்த வாடை. மாபில்தான் போய்ப் பார்த்தாள். ஆண்பிள்ளை உயிரோடு வந்தது. ஆனால் நீலம் பாரித்து, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு. இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கக்கூடாது, மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். மாபில் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினாள். பெரின் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"குடுடி இங்க! போயிடும்டி, குடு!"

"பால் குடிக்குது அக்கா, பாருங்க, வாயி அசையுது. பச்சத் தண்ணிய ஊத்துனா நடுங்கிப் போயிடும். கொஞ்சம் சூடேறட்டும்."

"சூடேறதுக்குள்ள செத்துடும்டி பாவி! ஆத்துமா என்னத்துக்கு ஆகும்?"

"போனா என்ன, எடம் இருக்கு. அண்ணன் பக்கத்துல இருந்துட்டுப் போறான். அமெலின் அக்கா சொல்லியிருக்கு."

மாபில் பிடுங்கப் பார்த்தாள், பெரின் திமிறினாள். அந்த இழுபறியில் பிள்ளையின் முனகல் நின்றுபோனது. மாபில் அப்புறமும் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றினபோது உயிர் இருந்ததா என்று சாமியார் கேட்டபோது அவளால் பொய் சத்தியம் செய்ய முடியவில்லை. பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ராவுல் மடத்துக் கதவைக் காலால் உதைத்தான். அவன் கை நகத்தில் பள்ளத்து மண் இருந்தது. "எங்க அந்தச் சலவைக்காரி? வெளிய வரச் சொல்லு! எம்புள்ளைக்கு எடம் காட்டினவ வரட்டும், வந்து இப்ப எங்கருக்கான்னு காட்டட்டும்!" அமெலின் உள்ளே ஈரத் துணியோடு நின்றாள். வெளியே போகக் கால் வரவில்லை. வாயில்காரச் சகோதரி அவனைச் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

மாபில் மட்டும் உள்ளே வந்தாள். எப்போதும் கேலி பேசுகிறவள் அன்றைக்குக் கேலி பேசவில்லை. "ஏண்டி, செத்துப் பொறந்ததுக்குச் சொன்னே, சரி, ஆறுதல். நானும் கண்டும் காணாம இருந்தேன். உசுரோட பொறக்கப் போறதுக்கும் சேத்துச் சொல்லிட்டியேடி."

"நான் அப்படிச் சொல்லல மாபில்."

"நீ சொல்லல. அவளுக்கு அப்படிக் கேட்டுச்சு. என் கையில தண்ணிச் செம்பு இருந்துச்சுடி, கையில இருந்துச்சு."

அது அரசருக்குப் புத்தி தடுமாறியிருந்த காலம். எது எங்கே பிசகினாலும் சனங்களின் விசுவாசத்தில் ஏதோ கோளாறு என்று தேடுகிறவர்கள் பெருகியிருந்தார்கள். பெரின் தண்ணீரைத் தடுத்த சேதி திருச்சபை மேலிடத்துக்குப் போனது. பாரிசில் வேதசாஸ்திரம் படித்த எங்கெரான் என்கிற குருவை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் வருவதற்கு முன்னால் தலைவி அமெலினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அமெலின், அவர் கேட்டா, நீ அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லணும். துக்கத்துல இருக்கிற பொண்ணு, எதையோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா. அவ்வளவுதான்."

"தாயே, அவளுக்கு என்ன ஆகும்?"

"அவளுக்கு ஒரு பரிகாரம் குடுப்பாங்க, தீந்துடும். மடத்து மேல வந்தா தீராது. இங்க இத்தனை பேர் இருக்கோம். நீ எங்க போவே, சொல்லு? இந்த வயசுல எங்க போவே?"

அமெலின் தலையாட்டினாள். தலையாட்டினபோது அவளுக்குப் பெரினின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை, ஆற்றங்கரைக் குளிர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் அவள் பின்னால் தன்னிடமே மறைக்கவில்லை.

எங்கெரான் குரு மெலிந்த மனிதர், இருமிக்கொண்டே இருந்தார். வாயில் மண்டபத்து அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் போர்வையைக் கழற்றாமல் உட்கார்ந்து, மாதாவைக் கொண்டுவரச் சொன்னார். அமெலின் திறந்து மேசைமேல் வைத்தாள். அவர் தொடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. அதுதான் தொந்தரவே" என்றார். "மகன் மட்டும்தான் இவ வயித்துல உடம்பு எடுத்தார். பிதா எடுக்கல, ஆவியானவர் எடுக்கல. இதைத் திறந்து காட்டினா சனங்க என்ன நினைக்கும்? மூணு பேரையும் இவதான் பெத்தான்னு நினைக்காதா?"

"அப்படித்தான் சாமி நெனைக்கிறாங்க" என்று அமெலின் சொல்லிவிட்டாள். தலைவி அவளை முறைத்தார். குருவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எழுந்து இருமலில் மறைந்தது.

பெரினை அழைத்தார்கள். பிள்ளை பெற்ற தீட்டு இன்னும் கழியாததால் அவள் கோயிலுக்குள் வரக்கூடாது, வாயில் மண்டபம் வரைக்கும் வரலாம். ராவுல் அவளுக்குப் பின்னால் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பெரின் வற்றிப்போயிருந்தாள். அமெலின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஞானஸ்நானத்தைத் தடுத்தியாமே. பிள்ளைக்கு வேற இடம் இருக்குன்னு சொன்னியாமே. யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்" என்றாள் பெரின்.

ராவுல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏண்டி பொய் சொல்றே? மாபில் காதாரக் கேட்டிருக்கா!"

"நானாத்தான் நெனச்சேன்."

தலைவி மூச்சு விட்டார். குரு மேசைமேல் குனிந்து, தூரிகையின் காம்பைப் பிதாவின் காலடிக் குழிக்குள் விட்டுத் துழாவினார். ஒரு நூல் வந்தது. சிவப்பு. அப்புறம் ஒரு வெள்ளை. அப்புறம் மக்கிப்போன பழுப்பு நூல்கள், ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, பறவைக் கூடு கலைந்த மாதிரி வந்துகொண்டே இருந்தன.

"இதெல்லாம் யார் வச்சது?"

"நான்தான் சாமி" என்றாள் பெரின்.

"இது எல்லாமேவா?"

"எல்லாம் நான்தான்."

அவள் தலை குனியவில்லை. அப்போதுதான் அமெலினுக்கு விளங்கியது. இவள் காப்பாற்றப் பார்ப்பது என்னை அல்ல. நான் வாயைத் திறந்தால் சொன்னதை மாற்றிச் சொல்லவைப்பார்கள். மாற்றிவிட்டால் அந்த இடம் போய்விடும். இடம் போனால் பிள்ளைகள் போய்விடும். அதற்காகத்தான் அத்தனையையும் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள்.

"நான் சொன்னேன் சாமி" என்றாள் அமெலின். "இவளுக்கும் சொன்னேன். இந்த நூல் வச்ச எல்லாருக்கும் நான்தான் சொன்னேன்."

தலைவி எழுந்துவிட்டார். குரு கையமர்த்தினார். "உனக்கு யார் சொன்னது?"

"யாரும் இல்ல. பாத்தேன், தோணுச்சு, சொன்னேன்."

"என்ன பாத்தே?"

"காலியா ஒரு எடம் இருந்துச்சு."

"அது யானையோட பல்லும்மா. உசுரோட இருக்கிறப்போ பல்லுக்குள்ள சதை இருக்கும். அடிப்பக்கம் எப்பவும் பொந்தாத்தான் இருக்கும். செதுக்கினவனுக்கு அந்த ஓட்டையை மறைக்க வேற வழி தெரியல."

"தெரியும் சாமி. தூசி தட்டுறவளுக்குத் தெரியாதா? ஆனா மடிப்பு எல்லாத்தையும் ஏன் அங்க கொண்டுபோய் முடிச்சான்?"

குரு மறுபடி குனிந்து பார்த்தார். மடிப்புகளைக் கண்ணாலேயே மேலிருந்து கீழே தொடர்ந்துகொண்டு வந்தார். "மறைக்கிறதுக்காவும் இருக்கலாம்" என்றார். "நீ சொல்றதுக்காவும் இருக்கலாம். அவன் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆச்சு, கேக்க முடியாது." அப்புறம் நிமிர்ந்தார். "பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட, 'மாதா காலடியில இருக்கட்டும்'னு நீ சொல்லியிருந்தா, அது ஜெபம். நானும் கூடச் சேந்து சொல்லியிருப்பேன். நீ 'இருக்கு'ன்னு சொன்னே. அந்த ஒரு வார்த்தையை நம்பி இவ தண்ணியைத் தடுத்தா."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் கூட அமெலின் தாங்கியிருப்பாள்.

"இப்ப இவகிட்ட உண்மையைச் சொல்லு" என்றார். "நான் சொல்றதை இல்ல. உனக்கு என்ன தெரியுமோ அதை."

அமெலின் பெரினைப் பார்த்துத் திரும்பினாள். பெரின் மெல்லத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. உதடு மட்டும் அசைந்தது: "சொல்லாதீங்க அக்கா."

"பெரின், எனக்குத் தெரியாதும்மா. அங்க இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது. நீ அழுதே, தாங்கல. சொல்லிட்டேன்."

பெரின் கத்தவில்லை. சிறுபிள்ளை வழி கேட்பது மாதிரிக் கேட்டாள். "அப்ப என் பசங்க எங்க அக்கா?"

குரு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பின்னால் விறைத்து நின்ற ராவுல்தான் அவளைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப் போனான். போகும்போது அவன் அமெலினைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் தீர்ந்துபோயிருந்தது. அதைவிடக் கோபமாகவே பார்த்திருக்கலாம்.

பெரினுக்கு ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் என்று பரிகாரம் விதித்தார்கள். அமெலினை மடத்தை விட்டு அனுப்பவில்லை. குருதான் வேண்டாம் என்றார் என்று பின்னால் தெரிந்தது. பேழைச் சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி சலவைத் துறைக்கு அனுப்பினார்கள். மாதாவை இனித் திறக்கக்கூடாது என்று உத்தரவு. தந்தத்தில் சீப்பு செய்கிறவன் ஒருவன் வந்து, குழியை மெழுகால் அடைத்து, இரண்டு கதவையும் சேர்த்துத் தந்த ஆணி இறக்கிவிட்டுப் போனான். மேசைமேல் கிடந்த நூல்களைக் குரு குப்பையில் போடச் சொல்லவில்லை. அமெலினின் கையில் அள்ளி வைத்து, "எடுத்துட்டுப் போ" என்றார். அவள் அவற்றைப் பள்ளத்தோரம் கொண்டுபோய்ப் புதைத்தாள். எது யாருடையது என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் அமெலினுக்கு நல்ல வருஷங்கள் அல்ல. பெண்களில் பாதிப் பேர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். பெரினின் பிள்ளை ஞானஸ்நானமில்லாமல் போக இவள்தான் காரணம் என்று சிலருக்குக் கோபம். குருவின் முன்னால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள் என்று மற்றவர்களுக்குக் கோபம். இந்த இரண்டாவது கோபம்தான் அதிகம். முதன்முதலில் மெழுகுவர்த்தித் திருநாளன்று வந்தாளே, அந்தப் பெண் ஒரு நாள் ஆற்றங்கரைப் பாதையில் எதிரே வந்து, அமெலினின் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். திருநாள்களில் அவர்கள் மூடிக்கிடக்கிற மாதா முன்னால் முன்னைப்போலவே மண்டியிட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு, மாதாவின் பாதம் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே காற்றில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்கள். மெழுகுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அமெலின் கடைசி வரிசையில் நின்று அதைப் பார்ப்பாள். அது தன்னுடைய பாவமா, அவர்களுடைய ஆறுதலா என்று பிரிக்கத் தெரியாமல், பூசை முடிவதற்கு முன்பே வெளியே வந்துவிடுவாள்.

பெரினுக்கு அப்புறம் ஒரு பெண் பிறந்தது. பிறந்த கையோடு, அழுது முடிப்பதற்குள், மாபில் தண்ணீர் ஊற்றினாளாம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. மடத்துக்கு நார்த்துணி கொண்டுவந்து போடுகிறவள் பெரின்தான். வருவாள், துணியை வாயிலில் போடுவாள், சலவைத் துறைப் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள்.

ஒரு வசந்தகாலத்துக் காலையில் அந்தப் பக்கம் திரும்பினாள். பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்கு இறங்கி வந்தாள். அமெலின் மட்டும் தனியாக இருந்தாள். கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல். பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை ஒரு முனையைக் கல்லில் சுற்றி, இன்னொரு முனையை முறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை.

பெரின் நின்று பார்த்தாள். "அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. இப்பவும் தெரியாதா?" என்று கேட்டாள். குரலில் நயம் எதுவும் இல்லை.

"தெரியாது."

"மனசுல என்ன இருக்கு?"

அமெலின் விரிப்பை விடாமல் நின்றாள். "சில நாள் இருக்காங்கன்னு இருக்கு. சில நாள் ஒண்ணும் இல்ல. இன்னைக்கி ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தினமும் ஒண்ணும் இல்ல" என்றாள் பெரின். "உங்க மேல கோவந்தான் இருக்கு. கோவம் இருக்கிற அன்னிக்கி மட்டும் அவன் பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு. அதனால விடமாட்டேங்கிறேன்."

"விடாத."

ஆற்றில் ஒரு படகு போனது. பெண்குழந்தை கரையில் குந்தி, சாம்பல் தண்ணீரில் கையை விடப் போனது. "கைய விடாத, எரியும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். குழந்தை திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டது.

பெரின் குனிந்து கல்லிலிருந்து விரிப்பின் முனையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் முறுக்கணும்?"

"நீ வலது பக்கம். நான் எதிர்ப்பக்கம்."

இருவரும் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. வேலை முடியும்வரை இருவரும் வேறு எதுவும் பேசவில்லை. முடிந்ததும் பெரின் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் மேட்டில் ஏறிப் போனாள்.